அணில் ஆடும் முற்றம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

"ஏதாவது எழுதுகிறாயா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பதில் தாமதமானதே அந்தக் கேள்வியால்தான். வந்த புதிதில் ஒரு வரிகூட ஓடவில்லை. வேலை, ரயில், அறை, மறுபடி வேலை. மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. பகல் முழுக்க வேறு மொழியில் பேசிவிட்டு வந்தால் இரவில் தமிழ் வாக்கியம் ஒன்று கூடிவர மறுக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எழுதினால் கடல், பிரிவு என்று பெரிதாக எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே நோட்டை மூடி வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே ஓர் அணில். நம் அணில் இல்லை. சாம்பல் நிறம், முதுகில் கோடே கிடையாது, உருவமும் பெரிது. வாயில் கவ்வி வந்த கொட்டையைத் தரையில் வைத்து, மண்ணைப் பறித்து, மூக்கால் அழுத்தி உள்ளே தள்ளி, முன்னங்கால்களால் தட்டித் தட்டி மூடியது. மேலே ஒரு சருகையும் இழுத்துப் போட்டது. பார்த்துக்கொண்டே நின்றதில் அன்று ரயிலை விட்டுவிட்டேன்.

சங்கப் புலவர் அணிலாடு முன்றிலார் ஞாபகம் வந்தார். குறுந்தொகை 41, ஆறே அடி. காதலர் அருகில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊரில் இருப்பவள்போல் மகிழ்வேன். பிரிந்தாலோ, ஆட்கள் விட்டுப்போய் முற்றத்தில் அணில் ஆடுகிற வீடுபோல் ஆகிவிடுகிறேன் என்கிறாள் தலைவி. பாடியவரின் சொந்தப் பெயர் தெரியாது. அவர் கண்ட அணிலே அவருக்குப் பெயராகிவிட்டது. பாறையில் மோதும் நுரையைப் பாடியவர் கல்பொரு சிறுநுரையார் ஆனார். ஒரு கவிஞனுக்கு இதைவிட என்ன கிடைக்க வேண்டும், சொல்!

படிக்கிற வயதில் பிடிபடாத ஒன்று இப்போது பிடிபட்டது அக்கா. ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் முற்றத்தில் இறங்கி அப்படி ஆடாது. அதன் உற்சாகம்தான் அந்த வீட்டின் வெறுமை.

இப்போது தினமும் ஏதாவது ஒன்றைப் பார்த்து நாலு வரி எழுதுகிறேன். நேற்று, கண்ணாடியின் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிப் படர்ந்த உறைபனி. முந்தாநாள், எதிரே உட்கார்ந்திருந்த கிழவரின் கையுறை: கறுப்புக் கம்பளி, சுட்டுவிரல் நுனி மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தது. யார் தைத்தது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். எழுதுவதில் பாதி தேறாது. ஆனாலும் நோட்டு திறந்தே கிடக்கிறது.

வீட்டில் இப்போது நீயும் அம்மாவும் மட்டும்தானே. முற்றத்துக்கு அணில் வருகிறதா? எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று எழுது.

உன் தம்பி