ஐந்து லிட்டர் கூடுதல்

அன்புள்ள சரசு,

உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. பதில் போடாததற்குத் திட்டு. ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தை என் ரசத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

பால் சங்கத்துக் கணக்கைக் கூகுள் ஷீட்ஸ் விரிதாளுக்கு மாற்றினேன் அல்லவா? நான்கு இடங்களில் பால் வாங்குகிறோம், நான்கு தாள்கள். அன்றைய சராசரிக் கொழுப்பு வேண்டுமானால் ஒவ்வொருவர் லிட்டரையும் அவர் கொழுப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். “பெருக்கிக் கூட்டித் தரும் சம்ப்ராடக்ட் சூத்திரம் போதுமே” என்பாய். ஒரு தாளுக்குப் போதும். நான்குக்கு எழுதினால் சூத்திரம் நம் தட்டச்சு மாஸ்டரின் அறிவுரை மாதிரி நீள்கிறது. அதனால் ஷீட்ஸுக்கு நாமே நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். உள்ளீட்டின் பெயருக்கு முன்னால் மூன்று புள்ளி வைத்துவிட்டால், லிட்டர் வரிசை, கொழுப்பு வரிசை என்று எத்தனை ஜோடி கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது. பெருமை தாங்கவில்லை.

முதல் நாளே 12-உம் 5-உம் சேர்ந்து 125 ஆயின! நடுவில் இருந்த காலிக் கட்டம் சுழியமாக வராமல் வெற்று எழுத்துச் சரமாக, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையாக, வந்திருக்கிறது. அதைக் கூட்டியதும் மொத்தமே எழுத்தாகி, அடுத்த எண் அதன் வாலில் ஒட்டிக்கொண்டது. இதையாவது சிரித்துக்கொண்டே திருத்தினேன்.

அடுத்ததற்குச் சிரிக்க முடியவில்லை. ஒருநாள் எங்கள் கணக்கில் 70 லிட்டர், கொழுப்பு 4.0. குளிரூட்டும் நிலையச் சீட்டில் 75 லிட்டர். கேன் ஏற்றிப்போகும் பையனைக் கூப்பிட்டு, “தண்ணீர் ஊற்றினாயா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். இரவில்தான் சீட்டின் அடுத்த வரியைப் பார்த்தேன்: கொழுப்பு 4.2. தண்ணீர் கலந்தால் கொழுப்பு ஏறுமா, சரசு?

நான்கு இடங்களில் ஒன்றான மலையடிவாரத்தில் அன்று எருமைக்காரப் பாட்டி ஒருத்திதான் பால் ஊற்றியிருக்கிறாள். 5 லிட்டர், கொழுப்பு 7. பல கட்டங்களைக் கொடுத்தால் ஃபங்ஷனுக்குள் வரிசையும் பத்தியுமாக அணி, அதாவது மதிப்புகளின் அடுக்கு, வருகிறது. ஒரே கட்டம் என்றால் வெறும் எண்தான் வருகிறது. எண்ணுக்கு நீளம் ஏது? நீளத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூட்டும் என் சுற்று ஒருமுறைகூட ஓடாமல், பிழை என்றும் சொல்லாமல், பாட்டியைத் தாண்டிப் போய்விட்டது.

இப்போது வருவது அணியா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் அணியாக்கிக்கொள்கிறேன். ஜோடியின் நீளம் ஒத்துப்போகாவிட்டால் பிழை காட்டி நிற்கச் சொல்லியிருக்கிறேன். வாய் மூடிக் கடந்துபோகிற ஃபங்ஷன் இனி வேண்டாம்.

பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அக்கா” என்றான், கேனைக் கழுவிக்கொண்டே, நிமிராமல்.

உனக்கு அனுப்பிய ஃபங்ஷன் பிரதி பழையது. இன்றே அழித்துவிடு.

உன்,
மல்லிகா