குண்டு விழுந்த இடம் வரை

மஞ்சக்குப்பம், கடலூர்
18-2-2025

அன்புள்ள இளங்கோவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காந்தி சிலைப் பக்கம் நம் பேச்சு பாதியில் அறுந்தது இரண்டு நாளாக மனசில் கிடந்து உறுத்துகிறது. மரகதத்துக்கு ராத்திரி சொட்டு மருந்து போடவேண்டும் என்று நான் அவசரமாக பஸ் ஏறிவிட்டேன். நீ குரலை உயர்த்தியதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ அப்படித்தான், நெஞ்சில் பட்டதை மறைக்கத் தெரியாது. நான்தான் சொல்லவந்ததை ஒழுங்காகச் சொல்லவில்லை. போனில் ஆரம்பித்தால் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுவோம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போட்ட மரகதத்தின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலையில் பேப்பரில் பொடி எழுத்தைக்கூடப் படித்துக் காட்டினாள். மச்சான் மகன் குமார் தேவனாம்பட்டினத்தில் புது ஃபைபர் படகு வாங்கிவிட்டான், கடன்தான் கொஞ்சம் அதிகம். உன் பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்வெளியில் நாடுகள் ஆயுதம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், இந்தியா அதில் பின்வாங்கவே கூடாது என்றாய். அதற்கு நீ சொன்ன ஒரு காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் 1967 ஜனவரி 1 என்று ஒரு கோடு போட்டார்கள். அதற்கு முன்னால் வெடித்தவர்கள் அணு ஆயுத நாடுகள், மற்றவர்கள் காலத்துக்கும் கைகட்டி நிற்கவேண்டும் என்று ஆயிற்று. நாம் 1974இல் வெடித்தோம், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றோம். விண்வெளியிலும் யாராவது அப்படி ஒரு கோடு போடுவதற்கு முன்னால் நம்மாலும் முடியும் என்று காட்டவேண்டியிருந்தது என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். 2019 மார்ச் 27 அன்று ஒடிசா கரையோரம் அப்துல் கலாம் தீவிலிருந்து போன ஏவுகணை நம்முடைய மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை உடைத்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில்தான் உடைத்தார்கள், துண்டுகள் சீக்கிரம் கீழே இறங்கி எரிந்துவிடட்டும் என்ற கவனத்தோடு. பெரும்பாலானவை அப்படியே எரிந்தும் போயின. ஆனால் சில துண்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதைக்கும் மேலே வீசப்பட்டன, ஓர் ஆண்டுக்கு மேலும் சுற்றிக்கொண்டிருந்தன. அவ்வளவு கவனமாகச் செய்தும் அப்படி ஆனது. இதைத்தான் நான் அன்றைக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் குமார் வண்டியில் குண்டு உப்பலவாடி வழியாக வந்தேன். அந்த ஊர்ப் பேரைப் பற்றி உனக்கு நினைவிருக்கும். 1690இல் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, சுற்றியிருந்த நிலத்துக்கு எல்லை எப்படி வைத்தார்கள்? கோட்டையிலிருந்து பெரிய பீரங்கியை நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை கம்பெனி நிலம். அதற்குள் அகப்பட்ட ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு எறிபொருள் இயக்கம் நடத்தும்போதெல்லாம் இதைத்தான் சொல்லித் தொடங்குவேன். நம்மூர்ப் பையன்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அப்புறம் நியூட்டனின் பீரங்கிக்குப் போவேன். மிக உயர்ந்த மலையுச்சியில் ஒரு பீரங்கி. வேகம் கூடக்கூடக் குண்டு தள்ளித்தள்ளி விழும். ஒரு வேகத்துக்குமேல் விழவே விழாது, பூமியைச் சுற்றிவிட்டுச் சுட்டவனின் முதுகுப் பக்கமாகவே வந்து சேரும். பையன்கள் சிரிப்பார்கள். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, இளங்கோ. விண்வெளியில் சுடுவது என்றால் அதுதான். குண்டு விழுந்த இடம் என்று அங்கே ஒன்று கிடையாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் உடைந்த துண்டு ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு தரம் பூமியைச் சுற்றும். அது எந்த நாட்டுத் துண்டு என்று பார்த்து விலகிப் போகாது.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார். குறுக்கிடும் பாதைகளில் வரும் இரண்டு பொருள்கள் வினாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சாதாரணம். ஒரு கிராம் எடையுள்ள துணுக்கு, சட்டைப் பித்தான் அளவு என்று வைத்துக்கொள், அந்த வேகத்தில் 50,000 ஜூல் ஆற்றலைச் சுமந்துவரும். ஒரு டன் கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் அதே ஆற்றல்தான்.

2007 ஜனவரியில் சீனா தன்னுடைய பழைய வானிலைக் கோள் ஒன்றை 850 கிலோமீட்டருக்கும் மேலே உடைத்தது. ரேடாரில் பிடிபடும் துண்டுகளே 3,000க்கு மேல் ஆயின. அந்த உயரத்தில் காற்று இல்லாததுபோலத்தான், இழுத்துக் கீழே கொண்டுவர ஆள் இல்லை. பதினெட்டு வருடமாகியும் இன்னும் நிறைய அங்கேயே சுற்றுகின்றன. 2021 நவம்பரில் ரஷ்யா தன் கோள் ஒன்றை உடைத்தபோது விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் திரும்பிவரும் கலங்களுக்குள் போய் ஒடுங்கவேண்டியிருந்தது. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் ரஷ்யர்கள். சுட்டவன் பிள்ளையும் சேர்ந்துதான் ஒளிய வேண்டியிருந்தது.

நமக்கு இதனால் என்ன என்று கேட்டாய். குமாரைக் கேள். அவன் படகு எடுக்கும் முன் போனில் மீன் இருக்கும் பகுதி எது என்று பார்க்கிறான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் கடலின் வெப்பத்தையும் பாசி நிறத்தையும் செயற்கைக்கோளிலிருந்து பார்த்துச் சொல்கிற தகவல் அது. அதற்கு உதவும் ஓஷன்சாட் சுற்றுவது சுமார் 740 கிலோமீட்டரில். சீனக் கோளின் துண்டுகள் மெல்ல மெல்ல இறங்கிவரும் வழியில்தான் அது இருக்கிறது. புயலைக் காட்டும் இன்சாட்டும் வழிகாட்டும் நாவிக்கும் 36,000 கிலோமீட்டரில் இருக்கின்றன. ஜி.பி.எஸ். 20,000த்தில். அங்கேயெல்லாம் சண்டை போய்ச் சேர்ந்தால் துண்டுகள் நம் காலத்தில் இறங்காது, நம் பேரன் காலத்திலும் இறங்காது. போன மாதம் 29ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ராக்கெட் போனதே, அதில் போன நாவிக் கோளின் வால்வு திறக்காமல் உரிய பாதைக்கு ஏற்ற முடியவில்லை. அந்த ஒரு கோளுக்கே நாம் எவ்வளவு வருத்தப்பட்டோம்! தானே புயல் வந்த 2011 டிசம்பரை நினைத்துப் பார். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆனால் புயல் வருவது முன்னாலேயே தெரிந்திருந்தது. 2004 சுனாமியன்று எந்த அறிவிப்பும் இல்லாமல் இதே கரையில் எத்தனை பேரை இழந்தோம் என்று நீயும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். மேலே இருக்கும் அந்தக் கண்ணை யாரும் குத்தக்கூடாது, இளங்கோ. எந்தக் கொடியின் பேரிலும் கூடாது.

மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையை வைத்து நீ சொன்ன வாதமும் நினைவிருக்கிறது. அவன் போடுகிறான், நாம் போடாவிட்டால் நமக்கு மீன் மிஞ்சாது என்பதுதானே? ஆனால் இதே கரையில் ஏப்ரல் 15லிருந்து 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லையே. எல்லாப் படகும் ஒரே நாளில் கரையேறுவதால்தான் அது நடக்கிறது. அவனவன் பக்கத்துப் படகு நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க முடிகிறது.

அதற்குத்தான் நீ, விண்வெளியில் எப்படிப் பார்ப்பாய், ஆயுதம் எது சாதாரணக் கோள் எது என்று யார் சொல்வது என்று மடக்கினாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. உண்மையிலேயே கடினமான கேள்வி. போன மாதம் நம் ஸ்பேடெக்ஸ் கோள்கள் இரண்டும் மேலே இணைந்தன. சீனாவின் ஒரு கோள் 2022இல் செத்த கோள் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒதுக்குப்புறமாக விட்டது. ரிப்பேருக்கு நீட்டும் கையும் கழுத்தை நெரிக்க நீட்டும் கையும் பார்வைக்கு ஒன்றுதான். 1967 விண்வெளி ஒப்பந்தமும் இங்கே உதவாது. அணுகுண்டையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் நிறுத்தக்கூடாது என்கிறதே தவிர, சாதாரணப் பீரங்கியைத் தடுக்கவில்லை. சோவியத்காரர்கள் 1974இல் சல்யூட்-3 விண்வெளி நிலையத்தில் நிஜமாகவே ஒரு 23 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தினார்கள். அடுத்த ஜனவரியில், உள்ளே ஆள் இல்லாதபோது, சுட்டும் பார்த்தார்கள்.

அதனால் நான் இப்போது வந்து நிற்கும் இடம் இது. பொருளைத் தடை செய்யப் போனால் முடிவே வராது, செயலைத் தடை செய்யலாம். மேலே எதையும் உடைக்காதே, அவ்வளவுதான். உடைத்தால் மறைக்க முடியாது. ரேடார் வைத்திருக்கும் அத்தனை பேரும் துண்டுகளை எண்ணிவிடுவார்கள். 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைக்கு இதற்குப் பக்கத்தில் வரும் தீர்மானம் ஒன்று வந்தது. கீழிருந்து ஏவுகணை விட்டுக் கோள்களை உடைத்துச் சோதிப்பதில்லை என்று நாடுகள் உறுதி கொடுக்கவேண்டும் என்பது அது. 155 நாடுகள் ஆதரித்தன, 9 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்தவற்றில் சீனாவும் ரஷ்யாவும் உண்டு. நாம் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, ஒதுங்கிக்கொண்டோம். வெறும் உறுதிமொழி போதாது, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான் வேண்டும் என்பது நம் அரசின் நெடுநாள் நிலை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு நாம் கை தூக்கியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். முடியாதவன் வேண்டாம் என்றால் இயலாமை என்பார்கள். நாம் 2019இல் முடித்துக் காட்டியவர்கள். நாம் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு எடை உண்டு. நீ தேடும் மரியாதை அங்கேதான் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. உடைக்காமலே முடக்கும் வழிகள் வந்துவிட்டன. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் போர் தொடங்கிய காலையில் ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவையின் மோடம்களைத் தாக்கி முடக்கினார்கள். ஜெர்மனியில் காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் வசதிகூட அதில் அறுந்தது. துண்டு ஒன்றும் பறக்கவில்லை, எண்ணுவதற்கும் எதுவும் இல்லை. இதை எந்த விதியால் கட்டுவது? நீ தொலைபேசித் துறையில் முப்பது வருடம் இருந்தவன், இதில் என்னைவிட உனக்கு விவரம் கூடுதல். யோசித்து எழுது.

அடுத்த ஞாயிறு நீ இங்கே வா. போன வாரம் சொன்ன அந்தப் பழைய தேவனாம்பட்டினம் கோட்டையின் மிச்சச் சுவரை உன் பேரனுக்கும் காட்டலாம். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். மூன்று வருடம் கழித்து ஆங்கிலேயர்கள் உங்கள் புதுச்சேரியை இடித்தார்கள். அதையும் அவனுக்குச் சொல்லவேண்டும். சாப்பாடு நம் வீட்டில். குமார் சங்கரா கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். மரகதம் உன்னை எதிர்பார்க்கிறாள்.

அன்புடன்,
தணிகாசலம்