குணசீலத்துல எங்கம்மாவுக்கு கெடச்ச தூக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரமா உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில கஷ்ட காலத்துல சாமி கை குடுக்குமா குடுக்காதான்னு மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்காங்க. ஒருத்தர் அதெல்லாம் மனசை நாமளே ஏமாத்திக்கறதுன்னு எழுதியிருந்தாரு, அதுக்கு பதிலா இன்னொருத்தர் முழு நம்பிக்கை இருந்தா டாக்டரே வேண்டாம்னு எழுதியிருந்தாரு. ரெண்டையும் படிச்சிட்டு எனக்கு மனசே ஆறல. ஏன்னா இந்த ரெண்டு பேச்சையும் எங்க வீட்டுல வருஷக்கணக்கா கேட்டாச்சு, ரெண்டாலயும் பட்டாச்சு.

நான் துறையூர் பக்கம். என் தம்பி ஐ.டி.ஐ. முடிச்சிட்டு திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாத்தான். 1999 தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் திரும்ப போகல. ராத்திரி பூரா தூங்க மாட்டான், ரேடியோவுல தன்னைப் பத்திதான் பேசுறாங்கம்பான், அம்மா போடுற சோத்துல விஷம் இருக்குன்னு தட்டை தள்ளி விடுவான். அப்ப அவனுக்கு 22 வயசு. காத்து கருப்பு அடிச்சிருக்கும்னு ஊர்ல சொல்ல, அப்பா கோடாங்கிகிட்ட கூட்டிட்டு போனாரு, கெடா வெட்டுனோம், தாயத்து கட்டுனோம், ஒண்ணும் ஆகல. அப்புறம் பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருத்தர்தான் திருச்சி பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னு டாக்டர் இருக்காருன்னு சொல்லி கையோட கூட்டிட்டு போனாரு. மனச்சிதைவு நோய்னு அங்கதான் மொத தடவை கேள்விப்பட்டோம். மாத்திரை போட ஆரம்பிச்சு ஒரு மாசத்துல தம்பி உக்காந்து ஒழுங்கா சாப்பிட்டான், என்னை அக்கான்னு கூப்பிட்டான்.

அதோட நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும். தெரிஞ்சவங்க ஒருத்தர் பேச்சைக் கேட்டு ஒரு இடத்துக்கு போனோம், எந்த மதம், எந்த ஊருன்னு நான் எழுதப் போறதில்ல, இந்த மாதிரி ஆளுங்க எல்லா மதத்துலயும் இருக்காங்க. அங்க இருந்தவரு மாத்திரை அட்டையைக் கையில வாங்கிப் பாத்துட்டு, இதை முழுங்குறதே நம்பிக்கை இல்லாததுக்கு அடையாளம்னாரு. அம்மா அப்பவே தூக்கிப் போட்டுட்டாங்க. ரெண்டே மாசம்தான், தம்பி பழையபடி ஆகி ஒருநாள் ராத்திரி வீட்டை விட்டு போய், நாலாம் நாளு கரூர் பஸ் ஸ்டாண்டுல செருப்பு இல்லாம கிடந்தான். திரும்ப அந்த ஆளுகிட்டயே போய் அம்மா அழுதாங்க. அதுக்கு அவரு சொன்ன பதிலை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், "உனக்கு நம்பிக்கை பத்தலம்மா, உன் பாவம்தான் புள்ளை மேல விழுந்திருக்கு". புள்ளை நோயில கிடக்கான், பெத்தவ தலையில பாவத்தையும் தூக்கி வச்சு அனுப்புறாங்க. அன்னையில இருந்து அம்மா சரியா சாப்பிடல, யார் வீட்டுக்கும் போகல, பொட்டு கூட வைக்கல.

டாக்டர்கிட்ட திரும்ப போனோம். அவரு திட்டவே இல்ல. மாத்திரையை மறுபடி எழுதிக் குடுத்தாரு. குணசீலத்துக்கு போகணும்னு ஒரு வேண்டுதல் இருக்கு சார்னு அம்மா பயந்து பயந்து கேட்டாங்க, அதுக்கு "தாராளமா போயிட்டு வாங்கம்மா, மாத்திரையை மட்டும் ஒரு வேளை கூட விடாதீங்க"ன்னாரு. இந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நாங்க கோயில் கட்டலாம்.

குணசீலம் தெரியாதவங்களுக்காக சொல்றேன், திருச்சியில இருந்து முசிறி போற வழியில காவிரிக் கரையில இருக்கு. பிரசன்ன வெங்கடாசலபதி, கையில செங்கோலோட நிப்பாரு, தாயாருக்குன்னு தனி சந்நிதி கிடையாது. மனசு சரியில்லாதவங்களை அங்க 48 நாள் தங்க வைப்பாங்க. உச்சிகாலத்துலயும் அர்த்தஜாமத்துலயும் பூஜை முடிஞ்சு தீர்த்தத்தை மூஞ்சியில பளார்னு அடிப்பாங்க. 2001 ஆரம்பத்துல அம்மாவும் தம்பியும் அங்க போய் தங்குனாங்க, நான் வாரா வாரம் சனிக்கிழமை சாப்பாடு கட்டிட்டு போவேன்.

அந்தத் தீர்த்தம் தம்பி நோயை தீத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், நோயை கட்டுப்பாட்டுல வச்சது மாத்திரைதான், இன்னைக்கு வரைக்கும் அதுதான் காப்பாத்துது. ஆனா அங்க வேற ஒண்ணு நடந்துச்சு. தம்பி தனியா பேசிட்டு நடந்தா யாரும் திரும்பிப் பாக்கல, சின்ன புள்ளைங்க கல்லெடுத்து அடிக்கல, ஏன்னா அங்க இருந்த எல்லா குடும்பத்துலயும் ஒரு ஆளு அப்படித்தான் இருந்தாங்க. விடியக்காலையில ஆத்துல குளியல், பிரகாரம் சுத்தறது, உச்சிகால தீர்த்தம், சாயங்காலம் விளக்குன்னு ஒரு நாளுக்கு ஒரு வடிவம் வந்துச்சு, அதுவரைக்கும் எங்க வீட்டுல ராத்திரி பகலே தெரியாது. புதுக்கோட்டையில இருந்து மகளைக் கூட்டிட்டு வந்திருந்த ஒரு அம்மாகிட்ட எங்கம்மா மொத தடவையா எல்லாத்தையும் சொல்லி அழுதிருக்காங்க, அந்தம்மா "நீங்க தூங்குங்கக்கா, ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன்"னு சொல்லியிருக்காங்க. தம்பிக்கு நோய் வந்ததுல இருந்து எங்கம்மா விடிய விடிய தூங்குன மொத ராத்திரி அதுதான். நான் போனப்ப அம்மா நெத்தியில பொட்டு இருந்துச்சு, அதைப் பாத்து நான் அழுதுட்டேன்.

என் பொண்ணு நர்சிங் படிச்சவ. இந்தக் கடிதம் எழுதப் போறேன்னதும் சில ஆராய்ச்சிகளைத் தேடி எடுத்துப் படிச்சுக் காட்டுனா. தமிழ்நாட்டுல ஒரு கிராமத்து முத்துசாமி கோயில்ல தங்கியிருந்த 31 நோயாளிங்களைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி டாக்டருங்க பரிசோதிச்சு 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதியிருக்காங்க. அங்க பெரிய சடங்கெல்லாம் கிடையாது, காலையில கொஞ்ச நேரம் பூஜை, அப்புறம் கோயிலைக் கூட்டறது செடிக்கு தண்ணி ஊத்தறது, கூடவே வீட்டு ஆளு ஒருத்தர் தங்கறது, அவ்வளவுதான். அதுலயே நோயோட அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருக்கு. அந்த இடமும் அங்க கிடைச்ச அனுசரணையும்தான் காரணம்னு அவங்க சொல்றாங்க. அதே நேரம் அமெரிக்காவுல ஆறு ஆஸ்பத்திரியில பைபாஸ் ஆபரேஷன் பண்ணிகிட்ட 1,802 பேரை வச்சு 2006ல ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, முன்ன பின்ன தெரியாதவங்க எங்கயோ இருந்து அவங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாங்க, ஒரு பலனும் இல்ல. உங்களுக்காக கண்டிப்பா ஜெபம் நடக்குதுன்னு சொல்லப்பட்டவங்களுக்கு சிக்கல் கொஞ்சம் கூடவே வந்திருக்கு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. எங்கம்மாவுக்கு உதவுனது தூரத்துல இருந்து வந்த ஜெபம் இல்ல, பக்கத்துல பாய் போட்டு படுத்திருந்த புதுக்கோட்டைக்காரம்மா. ஆனா அந்தம்மாவையும் எங்கம்மாவையும் ஒரே இடத்துல கொண்டு வந்து உக்கார வச்சது பெருமாள் மேல இருந்த நம்பிக்கைதானே, அதை எப்படிங்க ஏமாத்து வேலைன்னு சொல்றது?

இன்னொண்ணும் பொண்ணு காட்டுனா. வட கரோலினாவுல ஆஸ்பத்திரியில இருந்த 55 வயசுக்கு மேல உள்ள 596 பேரை ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்து 2001ல எழுதுன ஆராய்ச்சி. கடவுள் என்னைக் கைவிட்டுட்டாரு, கடவுளுக்கு என் மேல அன்பு இல்லன்னு நினைச்சு மருகுனவங்க மத்தவங்களை விட அதிகமா இறந்து போயிருக்காங்க. நம்பிக்கை ஆளைத் தூக்கியும் விடும், கழுத்தைப் புடிச்சு அமுக்கவும் செய்யும். "உன் பாவம்"னு ஒரு தாய்கிட்ட சொன்ன அந்த ஆளு எங்கம்மாவை என்ன பண்ணாருன்னு அன்னைக்குதான் எனக்கு முழுசா புரிஞ்சுது.

அதே 2001 ஆகஸ்ட் 6. தம்பி கொஞ்சம் தேறி வீட்டுல இருந்த நேரம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்கா பக்கத்துல, மனநோயாளிங்களை வச்சிருந்த ஒரு கொட்டகை விடியக்காலையில தீப்பிடிச்சு 28 பேர் செத்துப் போனாங்க, சங்கிலி போட்டு கட்டியிருந்ததால ஓட முடியல. தர்கா வேற, சுத்தி தனியாருங்க நடத்துன அந்த ஹோம்கள் வேற, ஆனா குணமாகும்னு நம்பித்தான் குடும்பத்துக்காரங்க அங்க கொண்டு போய் விட்டாங்க, பல பேரு விட்டுட்டு வந்துட்டாங்க. கூடவே தங்குற குடும்பத்துக்கும் விட்டுட்டு போன குடும்பத்துக்கும் வித்தியாசம் எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. பேப்பரைப் படிச்சிட்டு அம்மா தம்பி கையைப் புடிச்சுகிட்டு அன்னைக்கு பூரா விடல. இப்ப 2017 மனநலச் சட்டத்துல சங்கிலி போடறதையே தடை பண்ணிட்டாங்க, ஏர்வாடியில தர்கா பக்கத்துலயே தவா-துவான்னு, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்கிற மாதிரி அரசாங்கம் திட்டம் கொண்டு வந்துச்சு. ரொம்ப நல்ல விஷயம். இது மாதிரி நோயாளிங்களை கூட்டிட்டு வர்ற எல்லா கோயில், சர்ச், தர்காவுலயும் வாரத்துக்கு ஒரு நாளாவது மனநல டாக்டர் வந்து உக்காரணும். ஜனங்க ஆஸ்பத்திரிக்கு போக கூச்சப்படுவாங்க, சாமிகிட்ட வர கூச்சப்பட மாட்டாங்க.

அம்மா 2016ல போயிட்டாங்க. தம்பி இப்ப என்கூடத்தான் இருக்கான், மாவு மில்லுல வேலை பாக்கறான், மாத்திரை டப்பாவை சாமி மாடத்துலதான் வச்சிருக்கான், விளக்கேத்திட்டுதான் போடுவான். புரட்டாசியில குணசீலம் போயிட்டு வருவோம்.

ஐயா, உங்ககிட்ட ஒரு விண்ணப்பம். உங்க பேப்பர் வரி விளம்பரத்துல மருந்தில்லாம சித்தப்பிரமை தீரும், செய்வினை எடுக்கப்படும்னு போன் நம்பரோட வருது. அதுல ஒண்ணை நம்பித்தான் எங்கப்பா அந்த காலத்துல முதல் பணத்தை தொலைச்சாரு, அது வேற பேப்பரா இருந்தாலும் எல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன். அதையெல்லாம் எடுத்துட்டு அதே இடத்துல அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர் 14416ஐ தினமும் போடுங்க. காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம்.

பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம், அதனால என் பேரைப் போட வேண்டாம்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, துறையூர் வட்டம்