மூன்றரைக்கு நாலு அடிக்கும் கடிகாரம்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மணி சொன்னான், நிம்மதி. இங்கே லெய்டனில் குளிர் விட்டுவிட்டது, மழை விடவில்லை. உன் கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து இதுதான் பதில். திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கடிகாரம் வாங்கிவிட்டேன். விலையை மட்டும் கேட்காதே. பானுவிடம் ஒரு விலை சொல்லியிருக்கிறேன், நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்பவர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் செய்த பிராக்கெட் கிளாக், மேஜைமேல் வைக்கிற ஊசல் கடிகாரம். தலையில் ஒரு பித்தளைக் கைப்பிடி. ராத்திரி படுக்கையறைக்குத் தூக்கிப்போகத்தான். முகப்பின் மேல்வளைவில் சந்திரன் வளர்ந்து தேய்கிறது. நிமிட வட்டம் சாதாரண வட்டமாக இல்லாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வளைவாக, மண்டபத்து வளைவுகளை வரிசையாக நிறுத்தியதுபோல் ஓடுகிறது. டச்சுக்காரர்களுக்கு இதில் அவ்வளவு ஆசை. லண்டன் கடிகாரக்காரர்கள்கூட இந்த ஊருக்கு விற்கும் கடிகாரங்களுக்கு இப்படியே முகப்பு செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

மணியடிப்பதுதான் கூத்து. உள்ளே இரண்டு மணிகள். நாலு மணிக்குப் பெரிய மணியில் நாலு அடிக்கும், சரி. மூன்றரைக்கே சின்ன மணியிலும் நாலு அடித்துவிடும்! வரப்போகிற மணியை அரை மணி முன்பே சொல்வது இவர்கள் வழக்கம். அரைக்கு ஒரே ஒரு அடி அடித்தால் இருட்டில் எந்த அரை என்று எப்படித் தெரியும்? யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். எனக்குத் தாமஸ் வாத்தியார் ஞாபகம் வந்தது. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பானுதான் பாவம், மூன்றரைக்கு எழுந்து காபி போடப் போய்விட்டாள்.

இங்கே பூர்ஹாவே மியூசியத்தில் 1657இல் சாலமன் கோஸ்டர் செய்த ஊசல் கடிகாரம் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம்தான் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி ஊசலைக் கடிகாரத்தில் பூட்டும் வழியைக் கண்டுபிடித்தார். அதுவரை நாளுக்குக் கால் மணி நேரம் பிசகிக்கொண்டிருந்த கடிகாரங்கள் அதன்பிறகு விநாடிக் கணக்கில் பிசகின. அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று நின்றுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

இப்போது சிக்கல். பழுது பார்ப்பவர் பின்கதவைத் திறந்தார். பின்தகடு முழுக்கக் கொடியும் பூவுமாகச் செதுக்கு வேலை. சுவரைப் பார்த்தபடி இருக்கும் பக்கத்துக்கு இவ்வளவு உழைப்பா என்று வாயடைத்துப்போனேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பூக்களுக்கு நடுவே சும்மா இருந்த ஓட்டைகளில் விரல் வைத்தார். கடிகாரச் சக்கரத்தை ஊசலின் ஆட்டத்துக்கு ஒரு பல்லாக நிறுத்தி நிறுத்தி விடுவதற்கு ஓர் அமைப்பு உண்டு. ஆதியில் இதில் இருந்தது வெர்ஜ் என்ற பழைய வகை, சின்னக் குண்டு ஊசலோடு. பிற்பாடு யாரோ அதைக் கழற்றிவிட்டு ஆங்கர் என்ற இன்னொரு வகையைப் பொருத்தி, கனமான ஊசல் மாட்டியிருக்கிறார்கள். வெர்ஜ் நேரத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் மேஜை சற்றுச் சாய்ந்திருந்தாலும் ஓடும்; தூக்கிப்போகிற கடிகாரத்துக்கு அதுதான் தோது. ஆங்கர் நேரத்தில் கறார், இடம் மட்டம் தப்பினால் முரண்டு பிடிக்கும்.

மறுபடி வெர்ஜ் செய்து பொருத்தித் தருகிறேன் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. 1839இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹார்லமுக்கு ரயில் வந்துவிட்டது. ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவர் கேட்டு, ஒரு தொழிலாளி தன் கையால் செய்த மாற்றமாக இது இருக்கலாம் அல்லவா? அவன் வேலையும் வேலைதானே. இப்போது புதிதாக வெட்டிய சக்கரத்தைப் போட்டுவிட்டு ‘இதுதான் அசல்’ என்று எந்த முகத்தோடு சொல்வேன்? ஆனால் அந்த ஓட்டைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உன் தாத்தா வீட்டு முற்றத்தை மூடிக் கான்கிரீட் போட்டார்கள் என்று சித்தப்பாவோடு பேச்சையே நிறுத்தியவன் நீ. நாளைக்கு யாராவது அந்த முற்றத்தைத் திறந்து தருகிறேன் என்றால் சரி என்பாயா? நிஜமாகவே கேட்கிறேன்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், சீக்கிரம் எழுது. மணியிடம் யோசனை கேட்காதே, பேட்டரி போடச் சொல்வான்.

உன்,
குமார்