பாடாங்கைச் சுற்றித் தமிழில் நடை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிங்கப்பூர்ப் பாடாங்கின், அதாவது நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள புல்திடலின், கதையை வழக்கமாக அந்த மண்டபப் படிக்கட்டில் தொடங்கிவிடுகிறோம். 1959 டிசம்பர் 3இல் யூசோஃப் இஷாக் நாட்டுத் தலைவராகப் பதவியேற்றார், 1966 ஆகஸ்ட் 9இல் முதல் தேசிய தின அணிவகுப்பு நடந்தது என்று போகும். தவறில்லை. ஆனால் தமிழ் நடைக்கு அந்தப் படிக்கட்டைக் கடைசிக்கு வையுங்கள். முதலில், தமிழ் எழுத்து பொறித்த இடங்களுக்குப் போங்கள்.

எம்பிரஸ் பிளேஸில் உள்ள டல்ஹௌசி தூணில் ஆரம்பிக்கலாம். இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு 1850 பிப்ரவரியில் வந்துபோனதற்கு நினைவாக எழுப்பியது. ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதிய மலாய்), தமிழ் நான்கிலும் வாசகம் உண்டு. நான்கு மொழி வழக்கம் 1965இல் சிங்கப்பூர் தனிநாடான பிறகு வந்ததுதானே என்று கூட்டத்தில் யாராவது நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் விளக்க வேண்டாம், தமிழ்ப் பகுதியை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து எஸ்பிளனேட் பூங்காவுக்குள் நுழைந்தால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட லிம் போ செங்கின் நினைவுச்சின்னம், 1954இல் திறந்தது. நான்கு வெண்கலச் சிங்கங்களைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வெண்கலப் பலகைகளில் ஒன்று தமிழில் இருப்பதைக் காட்டுங்கள். அடுத்தது செனோடாஃப், போரில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம். 1922இல் திறந்தபோது முதல் உலகப் போரில் இறந்த 124 பேரின் பெயர்களோடு நின்றது. இரண்டாம் போருக்கான மறுபக்கத்தில் பெயர்கள் கிடையாது. நாம் வாழ அவர்கள் மடிந்தார்கள் என்ற பொருள்படும் வரி மட்டும், தமிழிலும். பெயர்ப் பட்டியலை இரண்டாம் போருக்கு உரியதாகச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அதைவிட அதிகம் குழம்புவது நேதாஜி பகுதியில். இந்திய தேசிய ராணுவம் பாடாங்கில் பிறக்கவில்லை. ஜப்பானியரிடம் சரணடைந்த, பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் 1942 பிப்ரவரி 17இல் கூட்டப்பட்டது ஃபேரர் பார்க்கில். 1943 ஜூலை 4இல் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து நேதாஜி தலைமையை ஏற்றது கேத்தே கட்டடத்தில். மறுநாள், ஜூலை 5, படையைப் பார்வையிட்டு "டில்லி சலோ" என்று முழங்கியதுதான் பாடாங்கில். சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அவர் அறிவித்தது அக்டோபர் 21, மறுபடியும் கேத்தேயில். ஓர் அட்டையில் இந்த நான்கு தேதிகளையும் இடங்களையும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்.

பூங்காவில் இப்போது இருப்பது அந்தப் படையின் பழைய நினைவுச்சின்னம் அல்ல. அதற்கு நேதாஜி அடிக்கல் நாட்டியது 1945 ஜூலை 8இல். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். இன்றைய அடையாளக் கல் 1995இல் வைத்தது.

சாலையைக் கடந்து திடலுக்கு வரும்போது கடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கடலோர நடைவெளியைக் குறிக்கும் 'எஸ்பிளனேட்' என்ற பெயரே புரியாது. 1890 வாக்கில் கடலைத் தூர்த்துத்தான் திடலை அகலப்படுத்தினார்கள். பழைய படங்களில் அலை அவ்வளவு பக்கத்தில் தெரிவது அதனால்தான்.

ஜப்பானியர் சரணடைந்ததைச் சொல்லும்போதும் கவனம். 1945 செப்டம்பர் 12இல் கையெழுத்தானது நகர மண்டபத்தின் உள்ளே, அப்போது அதற்கு முனிசிபல் கட்டடம் என்று பெயர். படிக்கட்டில் அல்ல.

நேரமிருந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகள் கட்டியது. தமிழர் கட்டியது என்று பெருமையாகச் சொல்லிவிட வேண்டாம். வங்காளத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். சுவருக்குப் பூசியது மட்டும் மெட்ராஸ் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் இரண்டையும் அடித்துக் குழைத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் கலப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு உருண்டைக் கல்லால் பளபளப்பு வரும்வரை தேய்ப்பார்கள். செட்டிநாட்டு வீடு பார்த்தவர்கள் கூட்டத்தில் இருந்தால் பேச்சு அவர்கள் பக்கம் போய்விடும், போகட்டும்.

கடைசியாகப் படிக்கட்டு. 2022 ஆகஸ்ட் 9இல் பாடாங் 75ஆவது தேசிய நினைவுச்சின்னமானது, திறந்தவெளி ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல்முறை. 4.3 ஹெக்டர் புல்வெளியையும் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். விளையாட்டு மன்றங்கள் ஆடும் திடல் என்பதால் ஆட்டம் நடக்கும்போது குறுக்கே அழைத்துப் போகாதீர்கள்.