பிரானா பற்றி மகளுக்கு

தூத்துக்குடி

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். பிரேசிலின் அமேசான் கரை நகரமான மனௌஸிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்த நாள் முதல் உன் அம்மாவுக்குச் சரியான உறக்கம் இல்லை. படகின் பலகையில் கிடந்த பிரானா மீனின் கீழுதட்டைப் படகோட்டி கத்தி முனையால் விலக்கிக் காட்ட, முக்கோணப் பற்கள் ரம்பத்தைப் போல இடைவெளியின்றி நிற்கின்றன. அம்மா அந்தப் பற்களைப் பார்த்தாள். நான் படகோட்டியின் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நுனியில் ஒரு துண்டுச் சதையைக் காணோம். அந்த மீனால் மனிதருக்கு நேரும் கேடு பெரும்பாலும் அவ்வளவுதான்: தூண்டில் முள்ளைக் கழற்றும்போதும், வலையிலிருந்து எடுக்கும்போதும் கை கடிபடுவது.

ஒரு மாட்டைச் சில நிமிடங்களில் எலும்புக்கூடாக்கிவிடும் என்று நானே எத்தனையோ ஆண்டுகள் விலங்கியல் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சிறுவயதில் நீயும் அதைக் கேட்டுப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டாய். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பிரேசில் காடுகளில் பயணம் செய்து 1914-இல் வெளியிட்ட நூல்தான் இந்தப் பயத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அவருக்குக் காட்டுவதற்காகவே மீன்களை அடைத்துப் பட்டினி போட்டு வைத்திருந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிரானாக்கள் கூட்டமாகத் திரிவது வேட்டைக்காக என்றுதான் நாங்கள் படித்தோம். அமேசானின் மாமிராவா காப்பகத்தில் ஆய்வு செய்த ஆன் மகுரன், ஹெல்டர் கெய்ரோஸ் ஆகியோர், கெய்மன் முதலைகளுக்கும் ஆற்று ஓங்கில்களுக்கும் நீர்க்காகங்களுக்கும் இரையாகாமல் தப்பவே அவை கூடுகின்றன என்று காட்டினார்கள். ஆற்றில் கிடைத்த உடலில் சதை குறைந்திருந்தால், மூழ்கியோ மாரடைப்பாலோ இறந்த பிறகு மீன்கள் தின்றிருப்பதே வழக்கம்.

ஆனாலும் முற்றிலும் அஞ்ச வேண்டாம் என்று நான் எழுதமாட்டேன். தென்கிழக்குப் பிரேசிலில் அணை கட்டித் தேங்கிய நீரில் குளித்தவர்களில் 38 பேர் ஐந்து வார இறுதிகளில் கடிபட்டதை விடால் ஹதாத், இவான் சாசிமா என்ற ஆய்வாளர்கள் 2003-இல் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் ஒருவருக்கு ஒரே ஒரு கடி. தேங்கிய நீரின் செடிகளுக்கிடையே முட்டையிட்டுக் காவல் நிற்கும் மீன், நெருங்கிய காலைக் கடித்து விரட்டியிருக்கிறது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் 2013 கிறிஸ்துமஸ் நாளன்று, கொளுத்தும் வெயிலுக்குப் பரானா ஆற்றில் இறங்கியவர்களில் ஏறத்தாழ 70 பேர் கடிபட்டார்கள். ஒரு சிறுமி விரலின் ஒரு பகுதியை இழந்தாள்.

ஆகவே, ஓடும் ஆற்றில் உள்ளூர்ப் பிள்ளைகள் குளிக்கும் துறையில் நீயும் தாராளமாக இறங்கு. கோடையில் வற்றித் துண்டுபட்ட குட்டைகளில் மீன் பசியோடு இருக்கும்; அங்கே வேண்டாம். மீன் கழுவிக் குடலை எறியும் இடத்திலும், காலில் புண் இருக்கும்போதும் இறங்காதே. தூண்டிலில் மாட்டியதை நீ கழற்றப் போகாதே. படகோட்டியே கழற்றட்டும், அவர் ஒருமுறை பாடம் கற்றவர்.

இவ்வளவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதைக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டாள். முள் அதிகம், அங்கே சூப்பாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்றேன். குடித்துப் பார்த்துவிட்டு அவளுக்கு எழுது.

அன்புடன்,
அப்பா