சிரித்தது பழைய நினைவுக்காகவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகைச்சுவைத் திரைப்படங்களை இசை நாடகங்களாக மாற்றி மேடையேற்றும், நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயின் வழக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய நாடகங்களுக்கு வருபவர்கள் தங்களுக்கு மனப்பாடமான வசனங்களைக் கேட்டுக் கைதட்டவே டிக்கெட் வாங்குகிறார்கள் என்றும், அரங்கில் எழும் சிரிப்பு பழைய படத்தின் கணக்கில்தான் சேர வேண்டும் என்றும் கட்டுரையாளர் முடிவு கட்டியிருக்கிறார். அதற்கு அவர் காட்டும் முதல் சான்று 'தி புரொட்யூசர்ஸ்' என்ற இசை நாடகம். அவரை மறுப்பதற்கு நான் தேர்ந்தெடுக்கும் சான்றும் அதுவேதான்.

அந்த நாடகத்துக்கு மூலமான, மெல் புரூக்ஸ் எழுதி இயக்கிய அதே பெயர்ப் படம் 1968இல் நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது பெரிய வசூலைப் பெறவில்லை. மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது உண்மைதான். ஆனால் ஹிட்லரை வைத்துக் கேலியா என்று முகம் சுளித்த விமர்சகர்களும் இருந்தார்கள். கதை எளிது. நொடித்துப்போன நாடகத் தயாரிப்பாளர் ஒருவரும் அவருடைய கணக்கைப் பார்க்க வந்த குமாஸ்தா ஒருவரும், தோற்றுப்போகும் நாடகத்தில் யாரும் லாபப் பங்கு கேட்கமாட்டார்கள் என்பதைக் கண்டுகொண்டு, ஒரே நாடகத்தின் பங்குகளைப் பணக்காரக் கிழவிகளிடம் பல மடங்கு விற்றுவிட்டு, நிச்சயம் படுத்துவிடும் என்று நம்பி ஹிட்லரைப் போற்றும் நாடகமொன்றை மேடையேற்றுகிறார்கள். மக்கள் அதை நையாண்டி என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்க, நாடகம் ஓடிவிடுகிறது, இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆக, பார்வையாளர்கள் எப்படி எதிர்வினை ஆற்றுவார்கள் என்பதே இந்தக் கதையின் முடிச்சு. கட்டுரையாளர் இதை ஒரு வரியிலாவது தொட்டிருக்க வேண்டும்.

படத்தில் அந்த ஹிட்லர் நாடகத்தின் பாடல் முடிந்ததும் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்புகிறது. வரிசை வரிசையாக மனிதர்கள் வாயைப் பிளந்தபடி உறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து நின்று கைதட்டும் ஒரே ஒரு மனிதரை அக்கம்பக்கத்தார் அடித்து உட்கார வைக்கிறார்கள். பலர் எழுந்து வெளியேறத் தொடங்கிய பிறகே சிரிப்பு பிறக்கிறது. திரையில் அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். 2001 ஏப்ரலில் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் இசை நாடகம் தொடங்கியபோது இயக்குநரும் நடன அமைப்பாளருமான சூசன் ஸ்ட்ரோமன் கையில் அப்படித் திரும்புவதற்கு ஒரு கேமரா இல்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாமே அந்த வாய்பிளந்த கூட்டமாகிவிடுகிறோம். நடனக்காரர்கள் சுழன்று சுழன்று, ஹிட்லரின் நாஜிக் கட்சிச் சின்னமான ஸ்வஸ்திக வடிவத்தில் நிற்பதை மேலே சாய்த்துத் தொங்கவிடப்பட்ட பெரிய கண்ணாடி அரங்கத்துக்கே காட்டும்போது, இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்ற தீர்மானத்தை ஒவ்வொருவரும் அங்கேயே, ஆயிரக்கணக்கானவர்கள் நடுவில், தாமே எடுக்க வேண்டியிருக்கிறது. படத்தை நூறு முறை பார்த்தவருக்கும் இந்த நிலை புதியது.

2005இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இதை நேரில் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர். அந்தப் பாடல் தொடங்கியதும் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பாமல் கண்களை மட்டும் ஓட்டி என்னையும் முன் வரிசையையும் பார்த்தார். முன் வரிசைப் பெண்மணியின் தோள்கள் குலுங்குவதைக் கண்ட பிறகே கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் படம் தெரியுமோ தெரியாதோ. பழைய வசனத்துக்குக் கைதட்டுகிறவருக்கு அக்கம்பக்கம் பார்த்து அனுமதி வாங்க வேண்டிய அவசியம் என்ன?

என் அனுபவத்தை நம்ப வேண்டாம் என்றால், இந்த இசை நாடகத்தையே படமாக்கி 2005இன் இறுதியில் வெளியிட்டதைப் பார்க்கலாம். மேடையில் முக்கிய வேடங்களில் வெற்றி பெற்ற அதே நேதன் லேன், அதே மேத்யூ பிராட்ரிக், அதே ஸ்ட்ரோமன், பெரும்பாலும் அதே பாடல்கள். நாடகம், பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளில் 12ஐ அள்ளியது. அந்த எண்ணிக்கையை இன்றுவரை வேறெந்த நாடகமும் எட்டவில்லை. படமோ போட்ட பணத்தைக்கூடத் திரையரங்குகளில் எடுக்கவில்லை. கடைசி வரிசைக்கும் எட்டும்படி குரலை உயர்த்தி, ஒவ்வொரு வேடிக்கைக்குப் பின்னும் சிரிப்பு அடங்க இடம் விட்டு நடித்துப் பழகியவர்கள், சிரிக்க ஆளில்லாத படப்பிடிப்புத் தளத்தில் அதையே செய்தபோது திரையில் அது கூச்சலாகவும் வெற்று இடைவெளியாகவும் தெரிந்தது. ரசிகர்களின் சிரிப்பு பழைய படத்தின் மீதான பாசம் மட்டுமே என்றால், அந்தப் பாசம் இந்தப் படத்துக்கும் சேர்த்தே வந்திருக்க வேண்டும்.

கட்டுரையாளர் சொல்வது முழுக்கத் தவறு என்று நான் வாதிடவில்லை. 'ஸ்பேமலாட்' விஷயத்தில் அவர் சொல்வது பெரிதும் பொருந்தும். மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் 1975ஆம் ஆண்டுப் படத்திலிருந்து அக்குழுவின் எரிக் ஐடில் உருவாக்கி, 2005இல் பிராட்வேயில் மைக் நிக்கல்ஸ் இயக்கிய அந்த நாடகத்தில் வசனம் மேடையிலிருந்து வருவதற்கு முன்பே இருக்கைகளிலிருந்து வந்துவிடும். படத்தில் குதிரைகளுக்குப் பதிலாகக் கொட்டாங்கச்சிகளைத் தட்டியே குளம்பொலி எழுப்புவார்கள். 2007 ஏப்ரலில் லண்டன் ட்ராஃபல்கர் சதுக்கத்தில் 5,567 பேர் கூடி ஆளுக்கொரு ஜோடி கொட்டாங்கச்சி தட்டி உலக சாதனை படைத்தார்கள் என்றால், அந்த ரசிகர் கூட்டம் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. மெல் புரூக்ஸ் தம் முதல் வெற்றியின் சூட்டிலேயே 2007இல் மேடையேற்றிய 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' நாடகம், அவருடைய அதே பெயர்ப் படத்தை அப்படியே பின்தொடர்ந்தது என்ற குறை அப்போதே எழுந்தது. 'தி புரொட்யூசர்ஸ்' 2,502 காட்சிகள் கண்ட நகரத்தில் அது ஐந்நூறைக்கூடத் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டை ஏற்படுத்தியவர்களும் அதே பார்வையாளர்கள்தாம். தெரிந்த வசனத்துக்கே கைதட்டும் மந்தை என்றால் இரண்டையும் ஒரே மாதிரி வரவேற்றிருக்க வேண்டாமா? (நம் ஊரில் 'சர்வர் சுந்தரம்' போன்றவை மேடையிலிருந்து திரைக்குப் போனவை என்பதால், எதிர்த்திசைப் பயணத்தை ஏதோ குறைபாடாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறதோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.)

கைதட்டலை ஐயத்தோடு பார்க்க வேறொரு காரணம் இருக்கிறது. கட்டுரையாளர் அதை விட்டுவிட்டார். நியூயார்க்கில் கள்ளச் சந்தைக்காரர்கள் 'தி புரொட்யூசர்ஸ்' டிக்கெட்டுகளைக் கொள்ளை விலைக்கு விற்பதைப் பார்த்த தயாரிப்பாளர்கள், 2001இன் பிற்பகுதியில் நல்ல இருக்கைகள் சிலவற்றுக்குத் தாங்களே 480 டாலர் என்று விலை வைத்தார்கள். அவ்வளவு பணம் கொடுத்து உட்கார்ந்தவர் சிரிக்காமல் வீடு திரும்பினால் நஷ்டம் அவருக்குத்தானே! முடிவில் எழுந்து நின்று தட்டும் கைதட்டலில் கொடுத்த காசை நியாயப்படுத்தும் தட்டல் எத்தனை பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2002 மார்ச்சில் லேனும் பிராட்ரிக்கும் விலகிய பின் டிக்கெட் விற்பனை தளர்ந்ததையும், 2003 டிசம்பரில் சில மாதங்களுக்கு அவர்கள் திரும்பி வந்தபோது மீண்டும் முட்டி மோதியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் தேடி வந்தது படத்தின் நினைவை என்றால், நடிகர் மாறியதற்கு இவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். பழைய படத்தில் நடித்தவர்கள் ஸீரோ மாஸ்டெலும் ஜீன் வைல்டரும் அல்லவா?

இன்னும் ஒன்று: பெர்லின். 2009 மே மாதம், ஒரு காலத்தில் ஹிட்லரே வந்து நாடகம் பார்த்த அட்மிரால்ஸ்பாலஸ்ட் அரங்கில் இது மேடையேறியது. ஸ்வஸ்திகச் சின்னத்தைப் பொதுவெளியில் காட்ட ஜெர்மானியச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே அரங்கின் முகப்பில் தொங்கிய சிவப்புக் கொடிகளின் வெள்ளை வட்டத்தில், அந்தச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில், பிரெட்ஸல் என்னும் முறுக்கு ரொட்டியை வரைந்து வைத்தார்கள். தெருவில் போகிறவர் கொடியைக் கண்டு திடுக்கிட்டு, அது தின்பண்டம் என்று தெரிந்து சிரிப்பதற்குள் நாடகம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. நியூயார்க்கைப் போல் அங்கே ஆண்டுக்கணக்கில் ஓடவில்லை. ஆனாலும் அங்கே வந்து சிரித்தவர்களின் சிரிப்பையும், சிரிக்காமல் இருந்தவர்களின் மௌனத்தையும் ஓர் அமெரிக்கப் படத்தின் மீதான பழைய பாசம் என்ற கணக்கில் எழுதிவிட முடியுமா என்பதைக் கட்டுரையாளரே சொல்லட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய நாடகங்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம், அரங்கம் எங்கே சிரித்தது என்பதோடு, எங்கே சிரிக்கத் தயங்கியது, எந்த இடத்தில் சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மற்றப் பக்கங்களுக்குப் பரவியது என்பதையும் கவனித்து எழுதச் சொல்லுங்கள். விருதுப் பட்டியலையும் வசூல் கணக்கையும் வாசகர்கள் வேறெங்கும் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி